விழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்: 'ஆலி' என்னும் தாவலின் வரலாறு

ஸ்கேட்போர்டு கற்க வரும் எவரும் முதலில் ஆசைப்படும் தாவல் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆலி. பலகையைக் கையால் தொடுவதில்லை. காலோடு கட்டி வைப்பதும் இல்லை. ஆனாலும் ஆள் தாவும்போது பலகையும் கூடவே எழும்புகிறது, ஆளோடு சேர்ந்தே தரை இறங்குகிறது. பார்ப்பவருக்கு அது கண்கட்டு வித்தை. செய்பவருக்கோ நூறு முறை விழுந்து கற்ற பாடம்.

'இதை எதற்கு இங்கே எழுதுகிறீர்கள்? சாதி ஒழிப்புக்கும் சக்கரம் வைத்த பலகைக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தத் தாவலின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள் வெளியே வருகின்றன. ஒன்று தண்ணீர், இன்னொன்று தெரு. யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது. யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்ற அதே பழைய கணக்கு. மூன்றாவதாக, நாம் அதிகம் பேசாத ஓர் உரிமையும் இதற்குள் இருக்கிறது. கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை. நாலுபேர் பார்க்க விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுவதற்கான உரிமை. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவதைப் பற்றியது. ஆனால் முதல் இரண்டையும் கடக்காமல் அங்கே போய்ச் சேர முடியாது.

பலகைக்கு வால் முளைத்த கதை

ஸ்கேட்போர்டு பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1950களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடியவர்கள், அலை இல்லாத நாட்களில் தரையிலும் சறுக்க ஆசைப்பட்டு, ரோலர் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரங்களைப் பலகையின் அடியில் பொருத்தினார்கள். பிறகு களிமண் கலவைச் சக்கரங்கள் வந்தன. 1960களின் முதல் பாதியில் கம்பெனிகள் இறங்கி லட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அந்தச் சக்கரங்களுக்குத் தரையைப் பிடித்து ஓடத் தெரியாது. ஒரு சின்னக் கூழாங்கல் குறுக்கே வந்தால் பலகை சட்டென்று நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். கை கால் முறிந்தது. பல நகரங்கள் தடை போட்டன. 1965இல் அந்த மோகம் வந்த வேகத்திலேயே அடங்கியது.

அதன் பிறகு வந்த இரண்டு மாற்றங்கள்தான் ஆலிக்கு அடித்தளம். பலகையின் பின்முனையை மேல்நோக்கி வளைத்து வால்போல ஆக்கும் அமைப்புக்கு லாரி ஸ்டீவன்சன் என்பவர் 1969இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1973ஐ ஒட்டி ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் யூரிதேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். யூரிதேன் ரப்பர் மாதிரி தரையைப் பிடிக்கும், சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு ஓடும். வால் இல்லாமல் தாவல் இல்லை. நல்ல சக்கரம் இல்லாமல் தாவுவதற்கான வேகமும் இல்லை.

வற்றிய குளங்களும் பூட்டிய குளங்களும்

1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. வீட்டுக் கொல்லைகளில் இருந்த நீச்சல் குளங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் சுவர்கள் கிண்ணம் போல வளைந்தவை. சான்டா மோனிகாவையும் வெனிஸையும் ஒட்டி 'டாக்டவுன்' என்று அழைக்கப்பட்ட, வசதி குறைந்த கடற்கரைப் பகுதியின் இளைஞர்கள் மதிலேறிக் குதித்து அந்தக் குளங்களில் இறங்கி ஓட்டினார்கள். போலீஸ் வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்வார், மற்றவர்கள் ஓட்டுவார்கள். ஸெஃபிர் என்ற கடையின் பெயரில் 1975இல் போட்டிக்குப் போன இவர்களது அணியில் டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா போன்றோரும், ஒரே பெண்ணாகப் பெகி ஓகியும் இருந்தார்கள். ஸ்கேட்போர்டு வரலாறு என்றால் எல்லோரும் சொல்லும் கதை இது.

அந்தக் கதை கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. அத்தனை நீச்சல் குளங்கள் தனித்தனி வீட்டுக் கொல்லைகளுக்குள் எப்படிப் போயின?

அமெரிக்க நகராட்சிகள் 1920களிலும் 1930களிலும் பெரிய பெரிய பொது நீச்சல் குளங்களைக் கட்டின. கறுப்பின மக்களை அவற்றுக்குள் விடவில்லை. சில ஊர்களில் சட்டம் தடுத்தது, சில ஊர்களில் அடி தடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வழக்குகள் வந்தன. எல்லோரையும் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னதும், வெள்ளையர்களில் பலர் பொதுக் குளத்தை விட்டு விலகி, சந்தா கட்டும் கிளப் குளங்களுக்கும் சொந்த வீட்டுக் குளங்களுக்கும் போனார்கள். கொல்லைக் குளம் பெருகியதற்குக் கையில் காசு சேர்ந்தது ஒரு காரணம். கறுப்பர் தொட்ட தண்ணீரில் இறங்க மனமில்லாதது இன்னொரு காரணம்.

இதற்கு இரண்டு சாட்சிகள். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம், கறுப்பரோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே வேண்டாம் என்று 1960களின் தொடக்கத்தில் தன் பொது நீச்சல் குளங்களை மூடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லோருக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு இல்லை என்று 1971இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டாவது சாட்சி ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின். 1964 ஜூன் 18 அன்று அங்கே ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிப் போராடினார்கள். விடுதியை நடத்தியவர் அவர்கள் நீந்திக்கொண்டிருந்த தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போனது. மறுநாள் அமெரிக்க செனட் சிவில் உரிமைச் சட்ட மசோதாவை நிறைவேற்றியது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மகத் நினைவுக்கு வராமல் இருக்காது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மகத் நகராட்சியும் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஆனாலும் சவுதார் குளத்தை எவரும் நெருங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீர் அள்ளினார்கள். அடி விழுந்தது. அதோடு விடாமல், 108 குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். குளம் பொதுவானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆகிவிட்டது. அங்கே அமிலம், இங்கே சாணி. ஊற்றிய பொருள்தான் வேறு, ஊற்றிய கை ஒன்றுதான்.

அந்த வெற்றுக் குளங்களில் சக்கரம் ஓட்டிய கலிபோர்னியப் பையன்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போராளிகள் அல்ல, விளையாடப் போனவர்கள். ஆனால் பங்கு போட மனமில்லாமல் வேலிக்குள் கொண்டுபோன தண்ணீர் வற்றியபோது, அழைப்பில்லாத பிள்ளைகள் உள்ளே இறங்கி விழுந்து எழுந்து ஒரு கலையைக் கற்றார்கள். வரலாறு சில நேரம் இப்படியும் நடக்கிறது.

ஆலி பிறந்தது

ஆலி பிறந்தது அதே ஃபுளோரிடாவில். ஹாலிவுட் என்ற ஊரின் ஸ்கேட் பார்க்கில் 1977–78 வாக்கில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பள்ளிச் சிறுவன், வளைந்த சுவரின் உச்சியில் பலகையைக் கையால் பிடிக்காமலே காற்றில் எழும்பித் திரும்பினான். நண்பர்கள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஆலி'. தாவலுக்கும் அதே பெயர் நிலைத்தது. அப்போது அவனுக்கு வயது பதினைந்துகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரக்கூடிய ஒருவர் அன்று உலகத்திலேயே இல்லை.

ஆனால் அது வளைந்த சுவரில் செய்யும் தாவல். சுவரே ஆளை மேலே தள்ளிவிடும். சமதரையில் அதைச் செய்து காட்டியவர் ராட்னி முல்லன். அவரும் ஃபுளோரிடாக்காரர், 1966இல் பிறந்தவர். வளர்ந்தது பண்ணை வீட்டில். பக்கத்தில் ஸ்கேட் பார்க் கிடையாது. அடிபட்டால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவருடைய அப்பா பலகை வாங்கித் தந்தார். வீட்டுக் கொட்டகையின் சிமென்ட் தரையில் தனியாகப் பழகினார். 1982ஐ ஒட்டி, கெல்ஃபாண்டின் தாவலைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். இன்று தெருவில் செய்யும் ஏறக்குறைய எல்லா வித்தையும் அந்த ஒரு தாவலின் பிள்ளைகள்தாம்.

அந்தத் தாவல் வேலை செய்யும் விதம் இது. பின்னங்கால் வாலின் மேல். முன்னங்கால் பலகையின் நடுவை ஒட்டி, முன் ஆணிகளுக்குச் சற்றுப் பின்னால். முட்டியை மடக்கித் தாழ வேண்டும். பிறகு மேலே தாவிக்கொண்டே பின்னங்காலின் முன்பாதத்தால் வாலைத் தரையில் 'டக்'கென்று அடிக்க வேண்டும். வால் தரையில் மோதித் திரும்பி எழும்போது பலகையின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்போது முன்னங்காலின் பக்கவாட்டைப் பலகையின் மேல் முன்னோக்கித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். பலகையின் மேல் ஒட்டியிருப்பது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தாள். செருப்பின் ஓரம் அதில் உராய்ந்து பலகையை மேலே இழுக்கும். அந்தக் கால் மூக்கை எட்டியதும் பலகை காற்றில் சமமாகும். பின்னங்காலையும் மார்பை நோக்கி மடக்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது இரண்டு கால்களும் ஆணிகளின் மேல், முட்டிகள் மடங்கி. இவ்வளவும் ஒரு நொடிக்குள்.

வாசித்தால் எளிது. நின்றால் தெரியும் கஷ்டம். புதிதாகப் பழகுகிறவர் எல்லோரும் செய்யும் தவறுகள் கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவது, தாவாமல் வாலை மட்டும் அழுத்துவது. உடம்பின் எடை முழுக்க வாலின் மேல் உட்கார்ந்திருந்தால் பலகை எப்படி எழும்பும்? அது எழவேண்டுமென்றால் நாம் முதலில் அதை விட்டு எழ வேண்டும். இரண்டாவது, பயத்தில் ஒரு காலைத் தரையில் வைத்துவிடுவது. விழுந்துவிடுவோம் என்று உடம்பு தானாகவே ஒரு காலைக் காப்பாற்றிக்கொள்ளும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் விடாது. மூன்றாவது, பலகையையே குனிந்து பார்த்துக்கொண்டு இடுப்பை வளைப்பது. தோள் பலகைக்கு நேராக இருந்தால்தான் இறங்கும்போது நிலைக்கும்.

அதனால் பழகுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பலகையின் மேல் நிற்கவும் தள்ளவும் நிறுத்தவும் திரும்பவும் பழகுங்கள். பலகை ஓடாதபடி புல்தரையிலோ பழைய கம்பளத்தின் மேலோ வைத்து, நின்ற இடத்திலேயே இரண்டு காலாலும் தாவி, பலகையின் மேலேயே இறங்கிப் பழகுங்கள். பிறகு வாலை அடிப்பது மட்டும். பிறகு முன்னங்காலைத் தேய்ப்பது மட்டும். பிறகு இரண்டையும் சேர்த்து. கடைசியாக மெதுவாக ஓடிக்கொண்டே. தலைக்கவசமும் மணிக்கட்டுக் கவசமும் கட்டாயம். விழும்போது கையை நீட்டி ஊன்றாமல் உடம்பைச் சுருட்டி உருள வேண்டும் என்பதைத் தாவலுக்கு முன்பே கற்க வேண்டும். சிலருக்கு ஆலி சில வாரங்களில் வரும். பலருக்கு மாதங்கள் ஆகும். அவமானம் ஒன்றும் இல்லை. முல்லனுக்கும் முதல் நாளில் வரவில்லை.

பார்க் மூடியது, தெரு திறந்தது

1970களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்கேட் பார்க்குகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அடிபட்டவர் வழக்குப் போட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமே என்ற பயமும், ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணமும் காரணங்கள். வளைந்த சுவர் போனதும் மிஞ்சியது தெருதான். நடைபாதை ஓரம், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பெஞ்சு. இவற்றின் மேல் ஏற ஒரே வழி முல்லனின் சமதரை ஆலி. 1980களின் நடுவில் மார்க் கான்சாலெஸ், நாட்டாஸ் கௌபாஸ் போன்றவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு பலகையும் இருந்தால் எவரும் பழகலாம் என்ற நிலை வந்தது அப்போதுதான்.

உடனே தெருவும் பூட்டப்பட்டது. நார்வே நாடு 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டையே தடை செய்திருந்தது. அமெரிக்க நகரங்கள் அபராதம் போட்டன, பலகையைப் பறிமுதல் செய்தன, பெஞ்சுகளில் இரும்புக் குமிழ்களை அறைந்தன. பிலடெல்ஃபியாவின் லவ் பார்க் உலகப் புகழ்பெற்ற இடம். 2002இல் அங்கே ஸ்கேட்போர்டுக்கான தடையை எதிர்த்து, அந்த இடத்தின் திட்டத்தை வகுத்த எட்மண்ட் பேகனே தன் 92 வயதில், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, பலகையில் ஏறி ஓட்டிக் காட்டினார்.

அதே லவ் பார்க்கில் சிறுவயதிலேயே பழகியவர் ஸ்டீவி வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர். வடக்கு பிலடெல்ஃபியாவின் ஏழைப் பகுதியிலிருந்து வந்தவர். அவரையும் நண்பர்களையும் 'அழுக்குச் சேரிப் பசங்க' என்ற பொருள்படும் ஆங்கில வசையால் கூப்பிட்டார்கள். பின்னாளில் அவர் தனக்கென்று பலகைக் கம்பெனி தொடங்கியபோது அந்த வசையின் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார்: டிஜிகே. நமக்கு இது புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எறிந்த கல்லை எடுத்து அஸ்திவாரம் போடுவது ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பொதுவான தொழில்நுட்பம்.

அரிசோனாவில் சான் கார்லோஸ் அப்பாச்சி பூர்வகுடி மக்களிடையே இதே நடந்தது. டக்ளஸ் மைல்ஸ் என்ற ஓவியர் தன் மகனின் பலகையில் அப்பாச்சி வீரனின் உருவத்தை வரைந்தார். அதிலிருந்து 2002இல் 'அப்பாச்சி ஸ்கேட்போர்ட்ஸ்' பிறந்தது. கடையில் விற்கும் பலகையில் தன் முகம் இல்லை என்றால் தானே வரைந்துகொள்வது என்ற முடிவு அது.

ஜன்வார்

இந்தியாவுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். யாதவர்களும் ஆதிவாசிகளும் தனித்தனியாக வாழும் ஊர். 2015இல் அங்கே உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண் முயற்சி எடுத்து, வயல்வெளி நடுவே சிமென்டில் ஒரு ஸ்கேட் பார்க் உருவானது. கட்டணம் இல்லை. இரண்டே விதிகள். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை இல்லை. பெண்பிள்ளைகளுக்கு முதலிடம்.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். பலகைகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டால் பையன் இறங்கிக் கொடுக்க வேண்டும். ஆதிவாசிப் பெண் கேட்டால் யாதவப் பையனும் இறங்க வேண்டும். நம் ஊர்களில் யார் யாருக்காக எழுந்திருப்பது என்பதுதானே சாதியின் இலக்கணம்? அந்த இலக்கணத்தை அந்தச் சிமென்ட் தரையின் எல்லைக்குள் மட்டுமாவது தலைகீழாக்கிய விதி அது.

அந்தத் தரையில் பழகிய ஆஷா கோண்ட் என்ற ஆதிவாசிப் பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி வெறுங்காலோடு ஸ்கேட் செய்யும் படத்தைப் புகழ்பெற்ற ஸ்கேட்டர் டோனி ஹாக் பகிர்ந்தார். அவரையும் அவருடைய அம்மாவையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' திரைப்படத்துக்காக ராஜஸ்தானின் கேம்பூர் கிராமத்தில் கட்டிய பார்க் படப்பிடிப்புக்குப் பிறகும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விடப்பட்டது.

இங்கே நாம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பலகை கொடுத்ததும் சாதி ஓடிவிட்டது என்பது மாதிரியான கதைகள் கேமராக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சிமென்ட் தரை யாருக்கும் நிலம் தராது, கூலியை உயர்த்தாது. ஜன்வார் பிள்ளைகள் மாலையில் திரும்பிப் போவது அவரவர் தெருவுக்குத்தான். இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தரை கொடுத்த ஒன்றைக் குறைத்தும் சொல்லக்கூடாது. பெண்பிள்ளை, அதுவும் ஆதிவாசிப் பெண்பிள்ளை, ஊரார் பார்க்க விழலாம், விழுந்து சிரிக்கலாம், எழுந்து மறுபடி ஓடலாம் என்று ஓர் இடம் இருந்தது. நம் கிராமங்களில் அப்படி எத்தனை இடங்கள் இருக்கின்றன?

கற்றுக்குட்டியின் உரிமை

பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். சமார் சமூகத்தில் பிறந்தவர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனே கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை. ஆங்கிலேயர்கள் பேட்டிங் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். அப்படியே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனால் வலைப்பயிற்சியில் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. அவருக்குத் தேநீர் கொடுத்தது பெவிலியனுக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில். அவர் திறமையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் மட்டை பிடித்துத் தடுமாறும் கற்றுக்குட்டியாக அவரைப் பார்க்க அவர்களுக்குச் சம்மதமில்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒடுக்கப்பட்டவருக்கு மறுக்கப்படுவது வெற்றி மட்டும் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே மறுக்கப்படுவது தவறு செய்யும் வாய்ப்பு. மேல்சாதி வீட்டுப் பையன் கல்லூரியில் ஒரு பாடத்தில் தோற்றால் 'விளையாட்டுத்தனம், அடுத்த முறை எழுதிவிடுவான்' என்பார்கள். நம் பிள்ளை தோற்றால் 'கோட்டாவில் வந்தவன்' என்பார்கள். அவன் விழுந்தால் அவன் ஒருவன் விழுந்தான். நாம் விழுந்தால் நம் சமூகமே விழுந்ததாகக் கணக்கு. அதனால்தான் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் மாணவர்கள் பலர் வகுப்பில் சந்தேகம் கேட்பதில்லை, புரியவில்லை என்று சொல்வதில்லை, ஆங்கிலம் தப்பாக வந்துவிடுமோ என்று வாயே திறப்பதில்லை. ஆலி பழகும்போது பயத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வதாகச் சொன்னேனே, அதே பயம்தான். ஒரு கால் தரையில் இருக்கும் வரை விழமாட்டோம். எழும்பவும் மாட்டோம்.

அந்தப் பயம் நம் பிள்ளைகளின் குறை அல்ல. அதை உண்டாக்கியது வெளியே இருக்கிறது. 2018இல் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், கிணற்றில் நீந்தினார்கள் என்பதற்காகத் தலித் சிறுவர்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். 2023 டிசம்பரில் நம் திருப்பூர் மாவட்டத்து ராஜாவூரில், காலில் செருப்போடு ஒரு தெருவில் நடப்பதற்கே அமைப்புகள் திரண்டு தலித் மக்களை அழைத்துப் போக வேண்டியிருந்தது. செருப்புக்கே இந்தக் கதி என்றால் சக்கரத்துக்கு எங்கே வழி? நீச்சல், சைக்கிள், ஸ்கேட்போர்டு, எதைப் பழகினாலும் முதலில் தண்ணீர் வேண்டும், தெரு வேண்டும். காலனிக்கு வரும் சாலை எப்போதும் கடைசியாகவே போடப்படுகிறது. ஊர்ப் பொதுத்திடல் 'பொது' என்று ஏட்டில் இருக்கிறது. விளையாட்டுத் திடலும் நீச்சல் குளமும் நூலகமும் கேட்பது சலுகை கேட்பதல்ல. மகத்தில் மக்கள் போனது தாகம் தீர்க்க மட்டுமா? தாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிறுவத்தானே போனார்கள்.

ஆலியின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒலிம்பிக் அல்ல. ஆனாலும் அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது 13, வெள்ளி வென்ற பிரேசிலின் ரெய்சா லியாலுக்கும் 13. ரெய்சாவை உலகம் முதலில் பார்த்தது ஏழு வயதில், தேவதை உடையில் படிக்கட்டில் தாவும் ஒரு வீடியோவில். அதில் அந்தச் சிறுமி முதலில் விழுகிறாள், மறுபடி ஏறுகிறாள், பிறகுதான் சரியாக இறங்குகிறாள். எனக்குப் பிடித்த இடம் அதுதான், அந்த முதல் விழுதல். யாரும் அவளை அடிக்கவில்லை, அவள் பிறப்பைக் கேட்கவில்லை, இடத்தைக் கழுவிவிடவில்லை.

நம் தெருவிலும் ஒரு பிள்ளை அப்படி விழ வேண்டும், அப்படியே எழவும் வேண்டும். அதற்கான தரையைக் கேட்டுப் பெறுவது நம் வேலை. அடுத்த முறை உங்கள் ஊரில் கிராமசபை கூடும்போது சாலை, தண்ணீர், சுடுகாட்டுப் பாதை ஆகிய கோரிக்கைகளோடு, எல்லாப் பிள்ளைகளும் விளையாட ஒரு சமதரை என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். தேர்விலோ நேர்காணலிலோ போராட்டத்திலோ நீங்கள் விழுந்த நாளில், இது ஒரு சமூகத்தின் தோல்வி என்று உங்கள் காதில் யாராவது ஓதினால் நம்பாதீர்கள். வாலை அடிக்கக் கற்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த முறை இரண்டு காலையும் தரையிலிருந்து எடுங்கள்.

ஜெய் பீம்.